விமான வெகுமதி வவுச்சர்: வேலூரிலிருந்து போடும் கணக்கு

முகப்பில் 5,000 ரூபாய் என்று போட்டிருக்கும் விமானப் பயண வவுச்சர், வேலூரில் குடியிருப்பவருக்கு 5,000 ரூபாயை முழுதாக மிச்சப்படுத்துவது மிக அரிது. விமான நிறுவனங்களும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்த வங்கிகளும் வழங்கும் இந்த வவுச்சர்களில் இரண்டு வகைகளை எங்கள் வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். ஒன்று, கடன் அட்டையில் ஆண்டுக்கு இவ்வளவு என்று குறித்த தொகையைச் செலவழித்தால் கிடைப்பது. மற்றொன்று, பறந்து சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துப் பெறுவது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவில்லாமல் கைக்கு வந்தால் பயன்படுத்தத் தக்கது. இதற்காகவே ஆண்டுக் கட்டணம் கட்டி அட்டை வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு நட்டம். பண்டிகைக் காலத்தில் மட்டும் ஒரு வகை வவுச்சர் தன் விலைக்கு மேலேயே பயன் தருகிறது.

அந்த ஒரு வகை எது என்பதை அறிய, வவுச்சர் எப்படிக் கிடைத்தது என்பதை விட்டுவிட்டு, அது எதை ஏற்றுக்கொள்கிறது என்பதை வைத்து முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ரூபாய்க் கணக்கில் வரும் வவுச்சர், பயணச்சீட்டின் விலையில் குறித்த தொகையைக் கழித்துவிடும். சீட்டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கழிவு மாறாது. இருக்கைக் கணக்கில் வரும் வவுச்சரோ, உள்நாட்டுத் தடம் ஒன்றில் ஒருவழிச் சாதாரண வகுப்பு இருக்கை ஒன்று என்ற முறையில் இருக்கும். அன்றைய விலை 4,000 ஆனாலும் 11,000 ஆனாலும் அடிப்படைக் கட்டணத்தை முழுவதும் அதுவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு விமானத்திலும் இவ்வகைக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் மிகச் சில என்பதால், தேடும் நாளில் இடம் கிடைப்பதுதான் அதன் சோதனை. இரண்டு வகைகளுமே பொதுவாக அடிப்படைக் கட்டணத்தை மட்டும் தொடுகின்றன. விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், உள்நாட்டுப் பயணி ஒருவருக்கு 200 ரூபாயாக உள்ள பாதுகாப்புக் கட்டணம், சாதாரண வகுப்புக்கு 5 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் மற்ற உயர் வகுப்புகளுக்கு 18 சதவீதமுமான ஜி.எஸ்.டி., இணையத்தில் பதிவு செய்வதற்கென்று வாங்கும் வசதிக் கட்டணம் ஆகியவற்றை நாம்தான் கட்ட வேண்டும். ‘இலவசப் பயணச்சீட்டு’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயைக் கட்டச் சொல்லும் கடைசித் திரைக்கும் இடையில் உள்ள விளக்கம் இவ்வளவுதான்.

இனி ரூபாய் வவுச்சரின் கணக்கைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து டெல்லிக்கு நாம் விரும்பும் நாளில், வவுச்சர் தந்த நிறுவனத்தின் சீட்டு 6,900 ரூபாய் என்றும், அதில் அடிப்படைக் கட்டணம் 5,600 என்றும் வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் வவுச்சரைக் கழித்தால் 1,900 ரூபாய் கட்டுகிறோம். 5,000 மிச்சம் என்று மனம் சொல்லும். ஆனால் அதே நாளில் வேறொரு நிறுவனம் 5,800 ரூபாய்க்குச் சீட்டு விற்கிறது. வங்கிச் சலுகை 400 ரூபாயைக் கழித்தால் அது 5,400 ஆகிறது. வவுச்சர் இல்லாதிருந்தால் நாம் வாங்கியிருக்கக்கூடியது இந்த 5,400 ரூபாய்ச் சீட்டைத்தான். ஆகவே மெய்யான மிச்சம் 5,400-இலிருந்து 1,900 போக 3,500 ரூபாய். வவுச்சரோடு வேறு எந்தச் சலுகையையும் சேர்க்க முடியாது என்ற நிபந்தனை அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பதால், இந்த இடைவெளியைக் குறைக்க வழியில்லை. விலை மலிவான நாளில் நிலைமை இன்னும் மோசம்: அடிப்படைக் கட்டணம் 4,200 ரூபாயாக இருந்தால் வவுச்சரின் மீதி 800 ரூபாய் திரும்பி வராது, அடுத்த பயணத்துக்கும் ஒதுக்கப்படாது. ஒரு வவுச்சரை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், ஒரு பதிவுக்கு ஒன்றுதான் செல்லும் என்ற விதிகளால் இரண்டு வவுச்சர்களைச் சேர்த்து ஒரு பெரிய செலவைச் சமாளிக்கவும் முடியாது.

சென்னைவாசியின் கணக்கு இங்கே முடிந்துவிடும். வேலூர்க்காரரின் கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நமக்கு மீனம்பாக்கம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பகல் விமானமாக இருந்தால் காட்பாடியில் ரயிலேறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் விமான நிலையத்தின் வாசலுக்கே போய்விடலாம். சில நூறு ரூபாயில் காரியம் முடியும். ஆனால் வவுச்சர் செல்லுபடியாகும் விமானம் விடியற்காலை ஆறு மணிக்கு என்றால், நள்ளிரவு கடந்ததும் வாடகைக் காரில் புறப்பட்டு, வாலாஜாப்பேட்டைச் சுங்கச்சாவடியையும் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள நெமிலிச் சுங்கச்சாவடியையும் கடந்து போக வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இது ரயிலைவிட 2,000 ரூபாய் கூடுதல் செலவு என்று கொண்டால், மேலே சொன்ன 3,500 ரூபாய் மிச்சம் 1,500 ஆகச் சுருங்கிவிடும். ஒரு இரவின் தூக்கத்துக்கு விலை போட்டால் அதுவும் மிஞ்சாது. நால்வர் ஒரே காரில் போனால் இந்தக் கூடுதல் செலவு ஆளுக்கு 500 ரூபாயாகக் குறையும், ஆனால் வவுச்சர் ஒன்றுதான் இருக்கும். பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூர் வழியாகப் போகிறவர்கள் நகர நெரிசல் முழுவதையும் தாண்டியாக வேண்டும். ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையம் ஒப்பீட்டில் அருகில் இருந்தாலும் அங்கிருந்து நேரடியாகப் போகக்கூடிய ஊர்கள் குறைவு. வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, பணிகளும் நடந்துள்ளன. ஆனால் அதை நம்பி, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ காலாவதியாகும் வவுச்சரைப் பெட்டியில் பூட்டி வைக்கும் துணிவு எனக்கு இல்லை.

ஆகவே வவுச்சர் கையில் இருக்கிறது என்பதற்காக விமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பது, எங்கள் ஊரைப் பொறுத்தவரை, தலைகீழான வேலை. முதலில் ரயிலுக்குப் பொருந்தும் நேரத்தில் உள்ள விமானங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் வவுச்சர் செல்லுபடியாகும் விமானம் இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துவதே முறை. இப்படிச் செய்யும்போது வவுச்சர் காலாவதியாகும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். அந்த வாய்ப்பையும் மதிப்பிலிருந்து கழித்தே பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று வீணாகும் என்று தோன்றினால், 3,500 ரூபாயை 2,600 என்று எண்ணிக்கொள்வது நேர்மையான கணக்காக இருக்கும்.

அடுத்து, வவுச்சரைப் பெறுவதற்கு ஆகும் செலவு. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய் என்று ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,540 ரூபாய். ஆண்டில் ஒன்றரை லட்சம் ரூபாய் செலவழித்தால் ஒரு வவுச்சர் தருகிறார்கள். இதே ஒன்றரை லட்சத்தைக் கட்டணமில்லாத, 1.5 சதவீதம் பணமாகவே திருப்பித் தரும் வேறோர் அட்டையில் செலவழித்திருந்தால் 2,250 ரூபாய் கணக்கில் வந்திருக்கும். ஆக, வேறு பயன் எதுவும் இல்லையென்றால், அந்த ஒரு வவுச்சரின் அடக்கவிலை 5,790 ரூபாய். சந்தையில் 3,500 ரூபாய் பெறும் பொருளை 5,790 ரூபாய்க்கு வாங்க மண்டித் தெரு வியாபாரி எவரும் சம்மதிக்க மாட்டார். அட்டையோடு விமான நிலைய ஓய்வறை அனுமதியும் வருகிறதே என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். ஆண்டுக்கு ஓரிரு முறை பறப்பவருக்கு அந்த ஓய்வறையின் இட்லியும் காபியும் எத்தனை ரூபாய் பெறும் என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். என் கணக்கில் அதை நான் இருநூறுக்கு மேல் மதிப்பதில்லை. இலக்கை எட்டுவதற்காகத் தேவையில்லாத செலவைச் செய்வது தனி நட்டம். ஆண்டு முடிவதற்குள் இன்னும் பன்னிரண்டாயிரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும்போது பலருக்குப் புதிய கைப்பேசி தேவைப்பட்டுவிடுகிறது.

இந்தத் திட்டங்கள் இப்படி அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ‘அட்வான்டேஜ்’ புள்ளித் திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவரைத் தக்கவைப்பதுதான் நோக்கமாக இருந்தது. இன்று புள்ளிகளை, தங்கள் அட்டைதாரர்களுக்குக் கொடுப்பதற்காக, மொத்தமாக வாங்குவது வங்கிகள். விமான நிறுவனம் புள்ளியை விற்றபோதே பணம் பெற்றுவிடுகிறது. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தையே அடமானம் வைத்துப் பெருங்கடன் வாங்க முடிந்தது என்றால், இந்த வியாபாரம் எவ்வளவு கனமானது என்பது விளங்கும். பயன்படுத்தப்படாமல் காலாவதியாகும் ஒவ்வொரு வவுச்சரும் கொடுத்தவருக்கு லாபம். நம் நாட்டிலும் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், இண்டிகோ 2024-இல் தொடங்கிய புளூசிப் ஆகிய இரண்டுமே பறக்கும் தூரத்தை விட்டுவிட்டுச் செலவழிக்கும் ரூபாயை வைத்தே புள்ளி தருகின்றன. மலிவு நாள் பார்த்துச் சீட்டு வாங்கும் சிக்கனக்காரருக்கு இதனால் புள்ளியும் சிக்கனமாகவே கிடைக்கும்.

வேலூரில் விமானச் சீட்டு அதிகம் விலைபோகும் இடம் காந்தி ரோடும் அதைச் சுற்றியுள்ள விடுதித் தெருக்களும்தான். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வருவோருக்காக, வங்காள எழுத்தில் பலகை வைத்த பயண முகவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு இந்த வவுச்சரின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மிகக் குறைவு என்றே படுகிறது. நோயாளியின் திரும்பும் தேதி அவர் கையில் இல்லை. ஒரு பரிசோதனையின் முடிவு வர இரண்டு நாள் தாமதமாகலாம், மருத்துவர் இன்னொரு துறைக்கு அனுப்பலாம், அறுவை சிகிச்சைக்குப் பின் பறக்க இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லலாம். வவுச்சரில் எடுத்த சீட்டின் தேதியை மாற்ற இடமில்லை, ரத்து செய்தால் வவுச்சர் திரும்பி வராது என்ற நிபந்தனைகள் இருக்கும்போது, தேதி மாற்ற அனுமதிக்கும், சில நூறு ரூபாய் கூடுதலான சாதாரணச் சீட்டே அவர்களுக்கு உகந்தது. சக்கர நாற்காலி வேண்டுவோரும், கூடுதல் சுமை உள்ளோரும் வவுச்சர் சீட்டுக்கு அந்தச் சேவைகள் பொருந்துமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. காட்பாடியிலிருந்து ஹௌராவுக்கு ரயிலில் படுத்துக்கொண்டே போய்விடலாம் என்ற மாற்று வழி இருப்பவருக்கு வவுச்சரின் மதிப்பு அந்த ரயில் கட்டணத்துக்கு மேல் எவ்வளவு தர மனம் ஒப்புகிறதோ அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான நிலை வி.ஐ.டி. மாணவர்களுடையது. பருவத் தேர்வு முடியும் வாரமும் தீபாவளி விடுமுறையும் முன்கூட்டியே தெரிந்தவை, தேதி மாறாது, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் புறப்படுவதால் டெல்லிக்கும் பாட்னாவுக்கும் லக்னோவுக்கும் விலை ஏறிவிடும். இருக்கைக் கணக்கில் வரும் வவுச்சர் இங்கேதான் தன் பெருமையைக் காட்டுகிறது. அடிப்படைக் கட்டணம் 9,000 ரூபாயைத் தொடும் நாளில் அது 9,000 ரூபாயையும் ஏற்றுக்கொள்கிறது. வேறு நிறுவனங்களும் அதே விலையில் இருப்பதால், மாற்றுச் சீட்டைவிட மிச்சம் என்பதும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பண்டிகை நாள்களை ‘விலக்கப்பட்ட தேதிகள்’ என்று சில திட்டங்கள் விதியிலேயே ஒதுக்கி வைக்கின்றன. அப்படிப்பட்ட வவுச்சர் மாணவனுக்குப் பயன்படாது. விலக்கு இல்லாத திட்டத்திலும், தேர்வு அட்டவணை வெளியான அன்றே இருக்கையைப் பிடிக்காவிட்டால், ஒதுக்கீடு முடிந்துவிடும். வவுச்சரை உறவினரல்லாத ஒருவரின் பெயரில் பயன்படுத்தலாமா என்பதும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகிறது. எங்கள் வவுச்சரில் அதற்கு இடமிருந்தது. மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜார்க்கண்ட் மாணவருக்கு ஒன்றைக் கொடுத்தோம். நாங்கள் பயன்படுத்தியவற்றையெல்லாம்விட அதில்தான் பயன் அதிகமாக இருந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதி நிறுவனங்களில் பணிபுரிவோருடைய கணக்கும் வேறு. மிலான் நகரில் நடக்கும் லினேயாபெல்லே தோல் கண்காட்சிக்கும் ஜெர்மனிக்கும் நிறுவனச் செலவில் போய்வருகிறார்கள். சீட்டுக்குப் பணம் நிறுவனத்துடையது, புள்ளி பயணியுடையது. அடக்கவிலை ஏதுமில்லாத இந்தப் புள்ளிகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களிடையே அடிக்கடி கேட்கும் ஒரு பெருமையை மட்டும் ஏற்க முடியவில்லை. இரண்டரை லட்சம் ரூபாய் பெறும் பிசினஸ் வகுப்புச் சீட்டைப் புள்ளிகளைக் கொடுத்து வாங்கினேன், ஆகவே இரண்டரை லட்சம் மிச்சம் என்பார்கள். சொந்தப் பணத்தில் அந்த இரண்டரை லட்சத்தை அவர் ஒருநாளும் கொடுத்திருக்க மாட்டார். சாதாரண வகுப்புக்கு 60,000 கொடுத்திருப்பார், படுத்துறங்கும் வசதிக்காக இன்னும் 30,000 கொடுக்க மனம் ஒப்பியிருக்கலாம். ஆகவே மதிப்பு 90,000, அதிலும் புள்ளியோடு ரொக்கமாகக் கட்டிய எரிபொருள் கட்டணத்தையும் வரிகளையும் கழிக்க வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் சிலவற்றில் இந்த ரொக்கப் பகுதியே பல்லாயிரம் ரூபாயைத் தாண்டுவதுண்டு. அப்படிக் கழித்த பிறகும் உள்நாட்டுப் பயணத்தைவிட இதில் புள்ளிக்குக் கிடைக்கும் மதிப்பு அதிகம் என்பதை மறுக்கவில்லை.

புள்ளியின் மதிப்பைக் காணும் முறையும் இதுவே. ரொக்கமாகக் கொடுத்திருக்கக்கூடிய தொகையிலிருந்து புள்ளியோடு சேர்த்துக் கட்டும் தொகையைக் கழித்து, மீதியைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 5,400 ரூபாய்ச் சீட்டுக்கு 12,000 புள்ளிகளும் 1,500 ரூபாயும் கேட்டால், 3,900-ஐ 12,000-ஆல் வகுக்க, புள்ளி ஒன்றுக்கு 32.5 காசு. அதே புள்ளியைக் கடைப் பொருள் வாங்கும் வவுச்சராக 25 காசுக்கு மாற்ற முடியுமென்றால், விமானத்தில் செலவழிப்பதன் கூடுதல் பயன் 900 ரூபாய் மட்டுமே. நெகிழ்வில்லாத தேதியோடு அந்த 900 ரூபாயைத் தேடுவதா, மளிகைக்கடை வவுச்சரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பதா என்பது அவரவர் இயல்பைப் பொறுத்தது.

சேர்த்து வைப்பதில் உள்ள ஆபத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. ஜெட்டின் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக, பெரும்பங்கு அபுதாபியின் எத்திஹாத் விமான நிறுவனத்தின் வசம் இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் பிழைத்தது. ஆனால் யாருடைய இருக்கைக்காக மக்கள் சேர்த்தார்களோ அந்த இருக்கை இல்லாமல் போயிற்று. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாறின. ஆனால் அந்த விமானத்தின் இருக்கைக்காகவே அட்டை வாங்கியவர்கள் தங்கள் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. வவுச்சர் ரொக்கத்துக்குச் சமமாகாது என்பதை உச்ச நீதிமன்றமே ஒருவகையில் அங்கீகரித்திருக்கிறது. ஊரடங்கில் ரத்தான சீட்டுகளுக்குப் பணம் தர இயலாத நிறுவனங்கள் அந்தத் தொகையைக் கடன் வரவாக, அதாவது பயணி பின்னொரு பயணத்துக்குப் பயன்படுத்தும் இருப்பாக, வைத்துக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபர் 1-இல் உத்தரவிட்டபோது, அந்தத் தொகைக்கு 2020 ஜூன் முடிய மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் கூட்டித் தர வேண்டும், வேறொருவருக்கு மாற்றவும் உரிமை உண்டு, 2021 மார்ச் 31-க்குள் பயன்படுத்தாததைப் பணமாகத் திருப்ப வேண்டும் என்றது. நம் கையில் உள்ள வெகுமதி வவுச்சரை வேறொருவருக்குத் தரச் சில திட்டங்கள் இடம் கொடுத்தாலும், கூட்டித் தருவதும் பணமாகத் திருப்புவதும் கிடையாது. நாள் ஆக ஆக அது கூடுவதில்லை, தேதி வந்ததும் ஒரேயடியாகப் போய்விடுகிறது.

சேவையைப் பற்றிச் சில வார்த்தைகள். குறியீட்டு எண்ணை இட்டுச் சீட்டு எடுப்பது, நாங்கள் பயன்படுத்திய தளத்தில் தடையில்லாமல் நடந்தது; இருக்கை இருப்பை நாள்வாரியாக ஒரே திரையில் காட்டியது பாராட்டத்தக்கது. கைப்பேசிச் செயலியில் மட்டும் வவுச்சரை ஏற்கும் கட்டம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஒரு சீட்டை ரத்து செய்தபோது, வவுச்சர் போயிற்று என்பதோடு, நாங்கள் ரொக்கமாகக் கட்டிய வரிகளும் திரும்பாது என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். இது சரியல்ல. டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, சலுகைச் சீட்டாக இருந்தாலும், பயணம் செய்யாதபோது அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். அதைக் கடன் வரவாக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பமே தவிர நிறுவனத்தின் விருப்பமல்ல. இந்த விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு தொகை வந்தது. வராதிருந்தால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்வதும், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதும் வழி.

அட்டையைப் புதுப்பிக்கும் தேதி எங்களுக்கு மார்ச்சில் வருகிறது. ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு அதற்கு முன்பே வங்கிக்கு எழுத இருக்கிறேன். சம்மதித்தால் அட்டை இருக்கும். சம்மதிக்காவிட்டால் கையில் உள்ள கடைசி வவுச்சரைப் பிப்ரவரியிலேயே ஏதேனும் ஒரு பகல் விமானத்துக்குப் பயன்படுத்திவிட்டு அட்டையை ரத்து செய்துவிடுவோம்.